கறுப்புக் கோட்டுக்கு நீலக் கூப்பன்

எங்கள் ஹோட்டலில் இப்போது விருந்து மண்டப வாசலில் ஒரு டேப்லெட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். விருந்தாளி எதிரே வந்து நின்றால் போதும், முகத்தைப் பார்த்துப் பெயரையும் மேசை எண்ணையும் அதுவே காட்டிவிடுமாம். என்னோடு வேலை பார்த்தவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அண்ணே, நீங்க இது இல்லாமயே ஆளைப் பாத்ததும் சொல்லிருவீங்களாமே, எப்படிண்ணே?" என்று கேட்டிருந்தார்கள். என்னைப் பற்றி யாரோ நல்லவிதமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் ஆளைப் பார்த்துச் சொன்ன லட்சணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அந்த டேப்லெட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். துபாயில் ஒரே ஹோட்டலில், ஒரே விருந்துப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் இருந்தேன். முதலில் தட்டுக் கழுவினேன், பிறகு தட்டு எடுத்தேன், பிறகு தட்டு வைத்தேன், கடைசியில் தட்டு வைக்கிறவர்களை முறைக்கிற கேப்டன் ஆனேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

எங்கள் மேனேஜர் பிண்டோ சார் மங்களூர்க்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோட்டுப் பையில் ஒரு எவர்சில்வர் ஸ்கேல் வைத்திருப்பார். தட்டின் ஓரம் மேசை விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே இருக்க வேண்டும். நாற்காலியின் முன்பக்கம் மேசை விரிப்பைத் தொட வேண்டும், ஆனால் தள்ளக் கூடாது. விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரிசை வரிசையாக நடந்து வருவார். எங்காவது தவறு தெரிந்தால் ஸ்கேலை அங்கே வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய்விடுவார். நாம் ஓடிப்போய்ச் சரிசெய்து, ஸ்கேலைத் துடைத்து, அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எங்களையெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "சுந்தரம், ஸ்பூன்" என்றால் அது சாதாரணத் தவறு. அதே மனிதர் மெல்லிய குரலில் "சுந்தரம் சார்" என்றாரோ, பெட்டி கட்ட ஆரம்பிக்கலாம். ஒரு சமையல்காரரைச் செவ்வாய்க்கிழமை "சார்" என்றார். வெள்ளிக்கிழமை அவர் ஏர்போர்ட்டில் இருந்தார்.

கேப்டனின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது டிரைவர் கூப்பன் கொடுப்பது. விருந்துக்கு வருகிற முதலாளிமார்களின் டிரைவர்கள் மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பார்கள் அல்லவா, அவர்களுக்குச் சாப்பாடு விருந்து கொடுப்பவரின் பொறுப்பு. வாசலில் நிற்கிற நான் அவர்களிடம் ஒரு நீலக் கூப்பனைக் கொடுத்து, பேஸ்மென்ட்டில் இருக்கும் டிரைவர் ரூமுக்கு லிஃப்ட்டில் அனுப்பிவைப்பேன். ஒவ்வொரு கூப்பனிலும் எண் இருக்கும். யாருக்குக் கொடுத்தேன் என்று ஒரு தாளில் குறித்து மறுநாள் காலை பிண்டோ சார் மேசையில் வைக்க வேண்டும்.

ஆகவே விருந்தாளி யார், டிரைவர் யார் என்று நான் நாலு நொடியில் தீர்மானித்தாக வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு குடும்பமே ஜென்மத்துக்கும் நம் ஹோட்டலை மிதிக்காது. பதினைந்து வருடம் ஒரு தடவைகூட நான் தவறியதில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இல்லை, நிறையவே இருந்தது.

அந்தத் திமிருக்கு உரம் போட்டது ஒரு புத்தகம். விருந்தாளிகள் விட்டுவிட்டுப் போகிற பொருட்களை ஒரு அலமாரியில் வைத்திருப்போம். ஆறு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவார்கள். மற்றவர்களுக்குக் கைக்கடிகாரமும் சென்ட் பாட்டிலும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது ஒரு பழைய அமெரிக்க நாவல். அட்டையும் கிடையாது, முதல் பத்துப் பக்கமும் கிடையாது. அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஷார்ஜாவில் ரோலா பக்கம் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த ரூமில், மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு, டிக்ஷனரியை நெஞ்சில் வைத்து எட்டு மாதம் படித்தேன்.

கதை இதுதான். புதிதாகப் பணம் சேர்த்த ஒருவன் தண்ணீரோரம் பெரிய மாளிகை எடுத்து வாராவாரம் விருந்து வைக்கிறான். பாட்டன் முப்பாட்டன் காலத்துப் பணக்காரர்கள் எதிர்க்கரையில் இருக்கிறார்கள். அவர்களும் வருகிறார்கள், குடிக்கிறார்கள், அவன் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்து வாய்க்குள் சிரிக்கிறார்கள். கடைசியில் அவன் செத்துக் கிடந்தபோது, தின்றவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் இதைப் படித்துக் கண்ணீர் விட்டிருக்கலாம். நான் விருந்துப் பிரிவு ஆள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை. மேசைத் திட்டம் இல்லை. அழைப்பிதழ் கேட்க வாசலில் ஆள் இல்லை. பிண்டோ சார் அந்த மாளிகையில் ஒரே ஒரு சனிக்கிழமை இருந்திருந்தால், ஸ்கேலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்.

ஆனால் ஒரு பாடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். புதுப் பணக்காரன் பளபளவென்று உடுத்துவான், பரம்பரைப் பணக்காரன் சாதாரணமாக வருவான். வாசலில் நின்று பார்த்தால் இது சரியாகத்தான் இருந்தது. மூன்று தலைமுறையாக முத்து வியாபாரம் செய்த ஒரு வீட்டுப் பெரியவர் சாயம்போன சட்டையில் வந்து, இரண்டு கரண்டி பருப்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். நேற்றுப் பணக்காரர் ஒருவர் தங்கக் கலரில் ஷூ போட்டுக்கொண்டு வந்து, அல்வாவில் தங்க இலை ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

இப்போது அந்த நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அப்போது எனக்கு அறுபது ஆக இரண்டு மாதம் இருந்தது. எங்கள் ஹோட்டலில் அறுபது தாண்டினால், இந்த ஆள் வேண்டும் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தால்தான் விசாவைப் புதுப்பிப்பார்கள். ஊரில் என் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடம் எனக்குக் கட்டாயம் வேண்டும். என் விசா ஃபாரம் கையெழுத்துக்காகப் பிண்டோ சாரின் மேசையில் கிடந்தது. "இந்த ஃபங்ஷன் முடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

விருந்து கொடுத்தவர் முத்துவேல். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவராக வந்து, தொழிலாளர் கேம்பில் கிடந்து, இன்று அஜ்மானில் சொந்தமாகக் கட்டுமானக் கம்பெனி வைத்திருப்பவர். பெண் அவருடையது. மாப்பிள்ளை வீடு சிவகங்கைப் பக்கம் பேர்பெற்ற பெரிய வீடு. ஒரு காலத்தில் அந்த மாவட்டத்திலேயே முதன்முதலில் கார் வாங்கிய குடும்பமாம். அவர்கள் ஊரிலிருந்து வந்து பக்கத்திலேயே தங்கியிருந்தார்கள்.

மாலை ஆறே முக்கால். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் முன்பே வந்து மாடியில் அலங்கார அறையில் இருந்தார்கள். முத்துவேல் குடும்பம் பெண்ணோடு அஜ்மானிலிருந்து கிளம்பி, ஷார்ஜா டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. மண்டபத்தில் முத்துவேலின் மச்சினர் சேகர்தான் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் தோஹா தொழில்பேட்டையில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். அன்று மத்தியானம்தான் வந்து இறங்கினார், சம்பந்தி வீட்டில் ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அப்போது இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ரப்பர் வாரு கடிகாரம், மெதுவான நடை. பின்னால் வந்தவர் கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, இரண்டு கையிலும் பை. துபாயில் கறுப்புக் கோட்டும் டையும் யாருடைய உடுப்பு என்று ஏர்போர்ட் வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லிமோசின் டிரைவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

எனக்கு நாலு நொடிகூடத் தேவைப்படவில்லை. வேட்டிக்காரர் மாப்பிள்ளையின் அப்பா, கோட்டுக்காரர் டிரைவர். வேட்டிக்காரருக்குக் குனிந்து வணக்கம் சொன்னேன். கோட்டுக்காரரின் கையிலிருந்த பைகளை வாங்கி வைத்துக்கொண்டு, நீலக் கூப்பனை நீட்டினேன். "பி ஒன் அமுக்குங்க. இறங்கினதும் இடது கைப் பக்கம். சாப்பாடு ரெடி" என்றேன். அவர் கூப்பனை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். "ரொம்ப நன்றி தம்பி" என்று லிஃப்ட்டில் ஏறிவிட்டார். என்ன பணிவான டிரைவர் என்று நினைத்துக்கொண்டேன்.

வேட்டிக்காரரை முதல் மேசைக்கு அழைத்துப் போனேன். அவர் தயங்கினார்.

"சார், எனக்கு இங்க வேணாம் சார். அப்படி ஓரமா..."

"அட, நீங்க நடுவுல உக்காரணும் ஐயா."

"முதலாளி சொன்னாரா சார்?"

முதலாளி என்று அவர் முத்துவேலைச் சொன்னார். சம்பந்தியை இப்படிக் கேலியாகச் சொல்லும் அளவுக்கு மனிதர் குறும்பு போலிருக்கிறது என்று நான் சிரித்து, "அவர் சொல்லாமலா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அந்த வேட்டிக்காரரின் பெயர் கோவிந்தன், முத்துவேலின் டிரைவர். மகளின் நிச்சயத்துக்காக முத்துவேல் தன் கம்பெனி ஆட்கள் அத்தனை பேருக்கும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, "இன்னைக்கி ஒருத்தரும் வேலைக்காரங்க இல்லப்பா, எல்லாரும் விருந்தாளிங்க" என்று சொல்லியிருந்தார். கோவிந்தன் அதை நம்பி உட்கார்ந்துவிட்டார். பைகளை அவர் தூக்காததற்குக் காரணம், அன்று அவருக்கு முதுகு பிடித்திருந்தது. அதைப் பார்த்த நிஜச் சம்பந்தி, அந்தக் கோட்டுக்காரர், தானே வாங்கிச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். ஹோட்டல் என்றால் கோட்டுப் போட வேண்டும் என்று மகன் சொல்லி, சம்பந்திக்குக் கறுப்பில் தைத்துக் கொடுத்திருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

முதல் மேசையில் சேகர் கோவிந்தனை விழுந்து விழுந்து கவனித்தார். உறவுப் பெண்கள் தூரத்தில் நின்று, "எவ்வளவு சிம்பிளா இருக்காரு பாரு, அதான் பரம்பரை" என்றார்கள். கோவிந்தன் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அதையும் பரம்பரைக் கணக்கில் சேர்த்தார்கள்.

"ஊர்ல நிலமெல்லாம் எவ்வளவு இருக்குங்க?" என்று சேகர் கேட்டார்.

"மூணு மா, ஒரு ஏக்கர் இருந்துச்சுங்க. அதையும் வித்துட்டுத்தான் வந்தேன்."

சேகர் என் பக்கம் திரும்பி, "என்ன தன்னடக்கம் பாத்தீங்களா?" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அமெரிக்க நாவலை நினைத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏழரைக்கு முத்துவேல் வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தார். நேராக முதல் மேசைக்கு வந்தார். கோவிந்தன் எழுந்து நின்றார்.

"ஏம்ப்பா, சம்பந்தியைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே, அவரை எங்க?"

"என்கூடத்தான் வந்தாருங்க முதலாளி. இந்த சார்தான் அவருக்கு ஒரு சீட்டு குடுத்து லிஃப்ட்டுல அனுப்பிவிட்டாரு."

சேகர் கையிலிருந்த ஜூஸ் டம்ளர் அப்படியே நின்றது. என் முதுகுக்குப் பின்னால் மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"சுந்தரம் சார்."

எனக்கு என் மகள்தான் கண்ணுக்குள் வந்தாள். வெள்ளைச் சீருடையில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன்.

டிரைவர் ரூமில் நீளமான மேசை, பிளாஸ்டிக் விரிப்பு, ஓடிக்கொண்டிருக்கும் டிவி. யாரும் டிவியைப் பார்க்கவில்லை. பதினைந்து டிரைவர்களுக்கு நடுவில் சம்பந்தி சொக்கலிங்கம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, கையால் பிசைந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொடைக்கானல் மலையில் பிரேக் பிடிக்காத காரை எப்படி இறக்கினார் என்று இடது கையால் ஒரு பட்டான் டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு மலையாளி அதை இந்தியில் சொல்ல, பட்டான் "வாஹ் பாய் வாஹ்!" என்று மேசையைத் தட்டினார்.

"ஐயா... நீங்கதான் மாப்பிள்ளையோட அப்பாவா?"

"ஆமா தம்பி. மேல ரெண்டாவது பந்தி ஆரம்பிச்சிட்டாங்களா?"

முதல் பந்தி கீழே நடக்கிறது என்றே அவர் நினைத்திருக்கிறார். கூப்பிட்ட வீட்டில் எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்கார வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். நான் கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னேன். டிரைவர் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னேன். என் விசாவையும், மகள் படிப்பையும், பிண்டோ சார் "சார்" என்றதையும் சேர்த்தே கொட்டிவிட்டேன்.

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கண்ணு ஒண்ணும் தப்பு செய்யலை தம்பி. தாத்தா பன்னெண்டு காரு வச்சிருந்தாரு. எங்கப்பா காலத்துல பதினொண்ணு போச்சு. மிச்சமிருந்த ஒண்ணை மதுரையில டாக்சியா விட்டு, பதினாலு வருசம் நானே ஓட்டினேன். என் பையன் அதுலதான் படிச்சான். இது சம்பந்திக்குத் தெரியாது. பெரிய வீடுன்னுதான் பேசியிருக்கோம். இந்தப் பயலுகளைப் பாத்ததும் வாய் தானா ஓடிருச்சு."

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"நான் கார் ஓட்டினதை நீங்க கேக்கலை. நீங்க சீட்டு குடுத்ததை நான் வாங்கலை. சரிதானே?"

"சரிங்கய்யா."

கை கழுவிக் கோட்டை மாட்டினார். டை அவிழ்ந்திருந்தது, அவருக்குக் கட்டத் தெரியவில்லை, எனக்குப் பதற்றத்தில் விரல் ஓடவில்லை. பட்டான் எழுந்து வந்து, தினமும் கட்டிப் பழகிய கையால் ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டு, "யல்லா, ஜல்தி" என்று எங்களை லிஃப்ட்டுக்குள் தள்ளினார்.

மேலே போனதும் சொக்கலிங்கம் நேராக முத்துவேலின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிக்கணும் சம்பந்தி. லிஃப்ட்டுல தப்பான பட்டனை அமுக்கிட்டேன். கீழ நம்ம டிரைவருங்க விடலை, சாப்ட்டுட்டுத்தான் போகணும்னாங்க." நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்த கோவிந்தனின் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "முன்னாடி வந்து உக்காந்தவரை எழுப்புறதாவது! எனக்கு ஒண்ணு கூடப் போடச் சொல்லுங்க."

எட்டு நாற்காலி மேசைக்கு ஒன்பதாவது நாற்காலி வந்தது. ஒன்றும் விரிப்பைத் தொடவில்லை, இரண்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பிண்டோ சாரின் கை கோட்டுப் பைக்குள் போனது. ஸ்கேலின் முனை வெளியே தெரிந்தது. பிறகு அது மெதுவாக உள்ளேயே போய்விட்டது. நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் காலை கூப்பன் தாளோடு அவர் அறைக்குப் போனேன். விரலால் எண்களைத் தடவிக்கொண்டே வந்தவர் இருபத்தேழில் நின்றார்.

"ட்வென்ட்டி செவன். இந்த டிரைவர் பேரு எழுதலை?"

பொய் தயாராகத்தான் வைத்திருந்தேன். அந்த ஸ்கேல் மேசை மேல் நேராகக் கிடந்ததைப் பார்த்ததும் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். மதுரை டாக்சியை மட்டும் சொல்லவில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "காலா கோட், காலா டை..." என்று இந்தியில் முணுமுணுத்தார். "மை பி தேதா" என்றார். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று அர்த்தம். என் ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஆனா அடுத்த தடவ பேரைக் கேளு. அப்புறம் கோட்டைப் பாரு. கலாஸ், முடிஞ்சுது. போ, சுந்தரம்."

சுந்தரம் என்று வெறும் பெயரைக் கேட்டு அழுதவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து மகள் படித்து முடித்தாள், வேலைக்கும் போய்விட்டாள், நான் ஓய்வு பெற்றேன். ஹோட்டலில் கேக் வெட்டலாம் என்றார்கள். டிரைவர் ரூமில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். நாலைந்து பேர் வருவார்கள், ஆளுக்கொரு துண்டு கேக்கோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நாவலின் கடைசிப் பக்கங்கள் அன்று காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை ஆயிரம் பேரை உட்கார வைத்தவனுக்கு யார் வருவார்கள்?

முதலில் கோவிந்தன் வந்தார், அதே வேட்டி சட்டையில். பட்டான் வந்தார். முத்துவேல் வந்தார். புதிதாகப் பிறந்த பேத்தியைப் பார்க்க வந்திருந்த சொக்கலிங்கம் அதே கறுப்புக் கோட்டில் வந்து, சட்டைப் பையிலிருந்து நீலக் கூப்பனை எடுத்து நீட்டினார். இருபத்தேழு. "தம்பி, இதைக் கீழ யாருமே வாங்கலை. இன்னும் செல்லுமா?"

அறை சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகச் சொக்கலிங்கம் சம்பந்தியிடம் திரும்பி, மதுரை டாக்சியைத் தானே சொல்லிவிட்டார். எனக்குப் பகீர் என்றது. முத்துவேல் அசரவில்லை.

"விசாரிக்காமயா பொண்ணு குடுப்பேன்? பெரிய வீடுன்னு மட்டும் சொன்னப்ப எனக்கு மனசு வரலீங்க. பதினாலு வருசம் வண்டி ஓட்டிப் பிள்ளையைப் படிக்க வச்சவர்னு கேள்விப்பட்ட பிறகுதான் சரின்னேன்."

பட்டான் எழுந்து வந்து சொக்கலிங்கத்தின் டையைச் சரிசெய்துவிட்டார்.

பிண்டோ சார் கடைசியாக வந்தார். பேஸ்மென்ட்டுக்கு அவர் சாப்பிட வந்தது அதுதான் முதல் தடவை. தன் தட்டை ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தார். பேசச் சொன்னார்கள். எழுந்தார், கோட்டுப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தேங்க் யூ, சுந்தரம் சார்" என்றார்.

நான் பதறிப்போய் எழுந்து நாற்காலிகளைப் பார்த்தேன்.